ஒன்றுபோல் ஒலிப்பது பற்றி

"இப்போது வரும் பாப் பாட்டெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது" என்ற வாக்கியம் ஓர் அபிப்பிராயம் என்ற அந்தஸ்தை எப்போதோ இழந்துவிட்டது. அது இன்று ஒரு முகமன். இரண்டு எழுத்தாளர்கள் சந்தித்துக்கொண்டால் வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் இதையும் சொல்லிக்கொள்கிறார்கள், மற்றவர் மறுக்கமாட்டார் என்ற நிச்சயத்தோடு. மறுக்கப்படாத வாக்கியங்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. உண்மையாக இருப்பதால் ஒரு வாக்கியம் மறுக்கப்படாமல் இருக்கலாம். மறுக்கிற அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறை இல்லை என்பதாலும் இருக்கலாம்.

பாப் சங்கீதத்துக்கு வக்காலத்து வாங்குவது என் உத்தேசம் அல்ல. அதற்கு வக்கீல்கள் ஏராளம். நான் கேட்க விரும்புவது வேறு. இந்த வாக்கியம் எதைப் பற்றியது? கேட்கிற காதைப் பற்றியதா, பாட்டின் உருவத்தைப் பற்றியதா, பாட்டைச் செய்து அனுப்புகிற ஏற்பாட்டைப் பற்றியதா? மூன்றும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் இதற்கு இவ்வளவு பலம் வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் முதல் இரண்டும் குற்றமே அல்ல என்றும், மூன்றாவது நாம் நினைப்பதைவிடக் கடுமையானது என்றும், அந்தக் கடுமையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றும் எனக்குப் படுகிறது.

பாப் என்று இங்கே நான் சொல்வது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இசைத்தட்டுக்காகவே செய்யப்பட்ட பாட்டை. நம் சினிமாப் பாட்டு வேறு கதை. அதற்குப் படம் என்று ஓர் எஜமானன் உண்டு.

1

முதலில் காது. பரிச்சயம் இல்லாத எதுவும் ஒன்றுபோல்தான் தோன்றும். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு முதல் தடவையாக வந்து உட்காரும் ஒருவருக்குத் தோடியும் சுபபந்துவராளியும் ஒன்றே. இரண்டிலும் யாரோ எதற்கோ வருந்துகிறார்கள். அவரிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்சநாள் கேளுங்கள், பழகிவிடும் என்கிறோம். இதே சலுகையை நமக்குப் பழகாத ஒன்றுக்கு நாம் தருவதில்லை.

பழகாத இனத்தவரின் முகங்களைத் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்பது மனோதத்துவக்காரர்கள் பலமுறை சோதித்து உறுதிசெய்த விஷயம். எல்லா இனத்தவருக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. இது கண்ணின் பழக்கம், இதில் குற்றம் இல்லை. குற்றம் அடுத்த அடியில் வருகிறது. 'எனக்கு வித்தியாசம் தெரியவில்லை' என்பது ஒரு வாக்குமூலம். அதுவே 'வித்தியாசம் இல்லை' என்று மாறும்போது தீர்ப்பாகிவிடுகிறது. பார்க்கிறவனின் குறை, பார்க்கப்படுகிறவனின் லட்சணமாகப் பதிவாகிவிடுகிறது. இப்படிப் பதிவெழுதும் அதிகாரம் சரித்திரத்தில் பெரும்பாலும் ஒரு பக்கத்தாரிடமே இருந்துவந்திருக்கிறது. பாப் சங்கீதத்தின் விஷயத்தில் இது வெறும் உவமை அல்ல. அந்தச் சங்கீதத்தின் ஆணிவேர் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ். அதைப் பற்றி எழுதியவர்களோ பல காலம் வெள்ளையர்கள்.

2

இனி உருவம். ப்ளூஸ் பாட்டின் சட்டகம் பாமரனும் விரல்விட்டு எண்ணக்கூடியது. நான்கு தாளக் கட்டங்கள் கொண்ட வரிகள் மூன்று. மொத்தம் 12 கட்டங்கள். முதல் வரியில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வரியில் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் பதில் வரும். கூட ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகளும் மூன்றுதான். ராபர்ட் ஜான்சன் என்ற மிஸிஸிப்பிக்காரர் 1936-லும் 1937-லும் டெக்ஸாஸில் வைத்துப் பதிவுசெய்த பாட்டுகள் 29. அடுத்த வருஷம் 27 வயதில் இறந்துபோனார். பல பாட்டுகளில் ஒரே சட்டகம், எல்லாவற்றிலும் ஒரே கிதார், ஒரே குரல். வெளியே நிற்பவனுக்கு அந்த 29-ம் ஒன்றுதான். உள்ளே வந்தவனுக்கு, இரண்டாவது வரி முதல் வரியை எப்படித் திரும்பச் சொல்கிறது என்பதில்தான் பாட்டே இருக்கிறது. அதே வார்த்தை, அதே இடம். இடையில் அந்த மனிதனுக்கு ஏதோ ஆகிவிட்டது. திரும்பச் சொல்லாமல் அதைக் காட்ட வேறு வழி கிடையாது.

நமக்கு இதைப் புரியவைக்க மிஸிஸிப்பி வரை போகவேண்டியதில்லை. 1330 குறளும் ஒரே உருவம். இரண்டு அடி, ஏழு சீர். ஒன்றுபோல் இருக்கிறது என்று நாம் வள்ளுவரிடம் குறைப்படவில்லை. ஐரோப்பாவின் செவ்வியல் சங்கீதத்துக்கும் இது பொருந்தும். பாஹெல்பெல்லின் கானன் என்ற பிரசித்தமான பரோக் உருப்படியில் எட்டு ஸ்வரங்கள் கொண்ட ஓர் அடிநாத வரிசை 28 தடவை, ஒரு மாற்றமும் இன்றித் திரும்ப வருகிறது. இன்றைய பாப் பாட்டில் நான்கே ஸ்வரக்கூட்டுகள் சுற்றிச்சுற்றி வருகின்றன என்று சிரிப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் குழு ஒன்று அந்த நான்கு ஸ்வரக்கூட்டுகளின் மேல் பல பிரபல பாட்டுகளை அடுத்தடுத்துப் பாடிக் காட்டிப் புகழ்பெற்றது. வேடிக்கையான காரியம்தான். ஆனால் அது நிரூபித்தது என்ன? பல வீடுகளுக்கு ஒரே அளவுச் செங்கல் என்பதை. அந்த வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

3

இந்தப் பதில் போதும் என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் நம் தரப்பில் கெட்டிக்காரரான ஒருவர் இதை முன்பே எதிர்பார்த்துவிட்டார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி நியூயார்க் வந்து, அங்கே ஒரு ரேடியோ ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்த தியோடார் அடோர்னோ, 1941-ல் ஜனரஞ்சக சங்கீதம் பற்றி எழுதிய கட்டுரையில், உருவம் பொதுவாக இருப்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பீத்தோவனும் நாட்டிய உருவங்களை எடுத்துக்கொண்டவர்தான் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது இது: பாட்டின் ஒரு பகுதி முழுமையால் அர்த்தம் பெறுகிறதா, அல்லது ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் பாட்டு அப்படியே இருக்குமா? இரண்டாவதுதான் ஜனரஞ்சகப் பாட்டு என்றார். அது மோட்டார் வாகனம் போல. உதிரிபாகம் எதுவும் எதிலும் சேரும். வித்தியாசம்போல் தெரிகிற சின்னச்சின்ன அலங்காரங்கள், வாங்குகிறவன் தானே தேர்ந்தெடுத்தான் என்று நம்புவதற்காக ஒட்டப்பட்டவை. கேட்பவன் செய்யவேண்டிய வேலையை அவனுக்காகப் பாட்டே செய்து முடித்துவிடுகிறது என்பது அவர் புகாரின் சாரம்.

80 வருஷங்களுக்கு மேல் ஆகியும் இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லிவிடவில்லை. பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவு என்ற அவருடைய அளவுகோலை நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது அந்த அளவுகோலை அவர் எங்கே வைத்து அளந்தார் என்பதை. 1936-ல் ஒரு புனைபெயரில் ஜாஸ் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ராபர்ட் ஜான்சன் முதன்முதலாக ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்ததும் அதே வருஷம்தான். அடோர்னோவுக்கு அந்த இசைத்தட்டு கிடைத்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் எழுதப்பட்ட ஸ்வரங்களைத்தான் சங்கீதம் என்று படித்து வந்த ஒருவருக்கு, எழுதப்படாத இடத்தில், குரலின் பிசிறில், தாளத்துக்கு மயிரிழை பின்னால் விழும் ஒரு தட்டில், நடக்கிற காரியம் அலங்காரமாகத்தான் தெரியும். அவருடைய தத்துவம் பெரியது. அவர் காது தன் ஊரை விட்டு நகரவில்லை.

4

அடோர்னோவின் மோட்டார் உவமைக்குச் சரித்திரம் ஒரு விசித்திரமான பதில் வைத்திருந்தது. டெட்ராய்ட் நகரில் ஃபோர்டு கம்பெனியின் லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில், வரிசையாக நகர்ந்து வரும் வண்டிகளில் வேலை பார்த்தவர் பெரி கார்டி என்ற கறுப்பு இளைஞர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். மோடவுன் என்று பின்னால் உலகம் அறிந்தது அதைத்தான். தொழிற்சாலையில் கண்ட முறையையே பாட்டுக்கும் வைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். எழுத ஒரு குழு, வாசிக்க நிலையான வாத்தியக்காரர்கள், உடை நடை சொல்லித்தர ஆள், எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று வாக்கெடுக்கத் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம். அடோர்னோவின் கெட்ட கனவு ஒரு சின்ன வீட்டில் முழுசாக நிறைவேறியது.

அங்கே நடந்த ஒரு காரியம் நம் பிரச்னைக்கென்றே நடந்ததுபோல் இருக்கிறது. ஹாலண்ட், டோஸியர், ஹாலண்ட் என்ற மூவர் குழு 1964-ல் சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழுவுக்கு ஒரு பாட்டு எழுதி அது முதலிடத்துக்கு வந்தது. அதன் ஜாடையிலேயே 1965-ல் ஃபோர் டாப்ஸ் குழுவுக்கு இன்னொன்று. அதுவும் முதலிடம். உடனே அடுத்தது தேவைப்பட்டது. ஃபோர் டாப்ஸ் முன்பு பாடிக்கொடுத்திருந்த வேறொரு கம்பெனி, பழைய இசைத்தட்டைத் தூசிதட்டி வெளியிடப் போவதாகச் செய்தி. முந்திக்கொள்வதற்காக ஒரே நாளில் எழுதி, பாடி, பதிவுசெய்து, கடைக்கு அனுப்பும் வேலை ஆரம்பமாகிவிட்டது. முந்தைய வெற்றியை ஒட்டியே செய்த அந்தப் பாட்டுக்கு அவர்கள் வைத்த தலைப்பு: 'அதே பழைய பாட்டுதான்'. ஐந்தாம் இடம் வரை வந்தது.

இதைத் திமிர் என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. காதலித்தபோது கேட்ட ஒரு பாட்டு, பிரிந்தபின் காதில் விழும்போது என்னவாகிவிடுகிறது என்பதுதான் அதன் விஷயம். பாட்டு மாறவில்லை, கேட்பவன் மாறிவிட்டான். அவசரத்துக்குத் தன்னையே நகல் எடுத்துக்கொண்ட ஒரு தொழிற்சாலை, அந்த நகல்தன்மையையே துக்கமாக மாற்றிவிட்டது. பகுதிக்கும் முழுமைக்கும் உறவு வேண்டும் என்றால் இதோ இருக்கிறது. முந்தைய பாட்டின் சாயல் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

மூன்று பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். முதலாவதில் மரப்பலகையில் காலால் தட்டுகிற சத்தமும், அதன்மேல் ஏறக்குறைய அலட்சியமாகப் பாடுகிற டயானா ராஸும். மற்ற இரண்டில் லீவை ஸ்டப்ஸின் கனத்த குரல். அந்தக் குரலுக்கு வசதியான சுருதியைவிட மேலே வைத்தே அவருக்குப் பாட்டு எழுதுவார்கள், எட்டுவதற்கு அவர் படும் பாடு கேட்கவேண்டும் என்பதற்காக. அடியில் பேஸ் கிதார். அந்நாளைய மோடவுன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். வலது கையில் ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டுவார். ஸ்வரக்கூட்டுகள் அதேதான், அவற்றுக்கிடையே அந்த விரல் நடக்கும் பாதை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. மோடவுன் பாட்டுகள் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன என்றால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இவருடைய கைங்கரியம்.

அவர் பெயர் அந்த இசைத்தட்டுகளில் இல்லை. 1971-ல் மார்வின் கேயின் 'என்ன நடக்கிறது' என்ற நெடுந்தட்டின் உறையில்தான் அந்த வாத்தியக்காரர்களின் பெயர்களை முதன்முதலாக மோடவுன் அச்சிட்டது. அடுத்த வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. என் கட்டுரையின் விஷயம் உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

5

நான் வங்கியில் குமாஸ்தா. காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. (மாதிரி இப்போது அட்டையில் இல்லை, திரையில் வருகிறது. கண்ணுக்கு வேலை அதேதான்.) ஒரே மனிதர் போட்ட இரண்டு கையெழுத்துகள் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காராது. சுழி கொஞ்சம் பெரிதாகும், கடைசிக் கோடு அவசரத்தில் இழுபடும். ஒரு பிசகும் இல்லாமல் இரண்டு கையெழுத்துகள் அச்சாகப் பொருந்தினால்தான் சந்தேகப்படவேண்டும். ஒன்றை வைத்து மற்றதை யாரோ வரைந்திருக்கிறார்கள். ஆக, ஒன்றுபோல் இருப்பதில் இரண்டு ஜாதி. ஒரே கை திரும்பத்திரும்ப எழுதுவதால் வருவது ஒன்று. கையே இல்லாமல் வருவது மற்றொன்று.

யந்திரம் வந்தபின் பாப் சங்கீதம் இரண்டாவது ஜாதியாகிவிட்டது என்று இங்கே முடிவுகட்டத் தோன்றும். 1980-ல் ரோலண்ட் கம்பெனியின் தாள யந்திரம், 1983-ல் வாத்தியங்களையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் மிடி என்ற பொதுமொழி, 1997-ல் குரலின் அபஸ்வரத்தைத் தானே திருத்தும் ஆட்டோட்யூன். (இதைக் கண்டுபிடித்தவர் அதற்குமுன் எண்ணெய் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்.) தாளம் கட்டத்துக்குள் அடைபட்டது, சுருதி சுத்தமாயிற்று, பிசிறு போயிற்று என்று சொல்லலாம்.

ஆனால் உதாரணங்கள் இதற்குக் கட்டுப்படவில்லை. 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டில் கிரகரி கோல்மன் என்பவர் சில விநாடிகளுக்கு மட்டும் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். நான்கு தாளக் கட்டங்கள். பிற்பாடு நியூயார்க் இளைஞர்களும் லண்டன் இளைஞர்களும் அதை இசைத்தட்டிலிருந்து அப்படியே வெட்டி எடுத்து, ஓட்டி, நறுக்கி, வேகமாக்கி, ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாக்கினார்கள். ஒலி அளவில் இதைவிட முழுமையான நகல் இருக்க முடியாது. எல்லாம் ஒரே மனிதர் ஒரே ஒரு நாள் வாசித்த வாசிப்பு. ஆனாலும் அதிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புதுச் சங்கீதங்கள் பிறந்தன. வரைந்த கையெழுத்தை வெட்டி ஒட்டி வேறொருவர் தன் பெயரை எழுதிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். யந்திரம் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. யந்திரத்தின் பின்னால் யாராவது இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கோல்மனுக்கு இதற்காகப் பணம் எதுவும் வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்தார். சட்டத்தின் கண்ணுக்கு மெட்டும் சொல்லும்தான் சொத்து. தாளக்காரனின் சில விநாடிகள் பாட்டை எழுதியதில் சேர்த்தி இல்லை. இதோடு இன்னொரு புறத்தையும் பார்க்கவேண்டும். 2015-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றத்தில், 2013-ல் வந்த ஒரு பாட்டு மார்வின் கேயின் 1977-ம் வருஷப் பாட்டைப் போல் இருக்கிறது என்று ஜூரிகள் தீர்ப்பளித்து, அவர் வாரிசுகளுக்குப் பல மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 2018-ல் மேல் நீதிமன்றம் அந்த முடிவை உறுதிசெய்தது. மெட்டு அதே மெட்டு அல்ல. சாயல் அதே சாயல் என்பதே பிரதிவாதிகளின் புலம்பல். 2023-ல் நியூயார்க்கில் எட் ஷீரன் சாட்சிக்கூண்டில் கிதாரை எடுத்து வாசித்துக் காட்டி, நான்கு ஸ்வரக்கூட்டுகள் யாருக்கும் சொந்தமில்லை என்று வாதாடி ஜெயித்தார். அதே பழைய பாட்டின் உரிமையில் ஒரு பங்கை வாங்கி வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் ஒன்றும் அவர்மீது தனியாக வழக்குப் போட்டிருந்தது. வங்கிக்காரனான எனக்கு அந்த நிறுவனத்தின் தர்க்கம் நன்றாகவே புரிகிறது. சாயலுக்குச் சொந்தக்காரர் உண்டு, பத்திரம் உண்டு, பங்கு உண்டு. அதே சாயலுக்குள் வித்தியாசத்தை உண்டாக்கிய விரலுக்கும் குச்சிக்கும் எதுவும் இல்லை.

6

மூன்றாவது குற்றச்சாட்டான ஏற்பாட்டுக்கு வருகிறேன். சாயல் அதிகமாகிவருகிறதா என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2012-ல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், 1955-லிருந்து 2010 வரையிலான 4,60,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போகும் வழிகள் குறைந்துவிட்டன, ஒலியின் நிறங்கள் ஒரேமாதிரி ஆகிவருகின்றன, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள். 2015-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1960-லிருந்து 2010 வரை அமெரிக்கப் பட்டியலில் இடம்பெற்ற ஏறத்தாழ 17,000 பாட்டுகளை வைத்துப் பார்த்து, தொடர்ந்து ஒருமைப்பட்டு வருவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். 1964, 1983, 1991 ஆகிய மூன்று வருஷங்களில் பெரிய மாறுதல்கள், 1980-களின் நடுவில் ஒரு வறட்சி, பிறகு மீட்சி. இரண்டு கூட்டத்தாரும் நேர்மையாகத்தான் அளந்தார்கள். ஒரு கூட்டத்தார் பதிவான எல்லாவற்றிலிருந்தும் ஒரு பெருங்குவியலை எடுத்தார்கள், மற்றவர்கள் ஜெயித்ததை மட்டும் எடுத்தார்கள். எதை அளக்கிறோம் என்று தீர்மானிக்கும்போதே பாதி விடை தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு 1991-ம் வருஷமே சாட்சி. அதுவரை பில்போர்ட் பத்திரிகை, எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னதை வைத்துப் பட்டியல் போட்டது. அந்த வருஷம் கடையில் பதிவாகும் விற்பனைக் கணக்கையே நேரடியாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ராப்பும் கண்ட்ரியும் சட்டென்று மேலே வந்து நின்றன. ஜனங்கள் முன்பே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பாட்டுகள் ஒன்றுபோல் இருந்ததாகத் தோன்றியதில் ஒரு பகுதி, பேரேடு எழுதியவர்களின் காது.

அந்தப் பேரேட்டை இன்று எழுதுவது யந்திரம். ஸ்பாட்டிஃபை 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு வைக்கிறது. 2024 முதல், ஒரு வருஷத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அது பணம் தருவதில்லை. இப்படிப்பட்ட கணக்கின் கீழ் பாட்டு எழுதுபவன் என்ன செய்வான்? முதல் 30 விநாடிக்குள் யாரும் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வான். எண்பதுகளின் நடுவில் வெற்றிப் பாட்டுகளின் முன்னிசை சராசரி 20 விநாடிக்கு மேல் ஓடியது. 2015 வாக்கில் அது 5 விநாடியாகச் சுருங்கியிருந்தது. ஸ்பாட்டிஃபை போன்றவை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கச் சொல்லும் தைரியம் பாட்டுக்குப் போய்விட்டது என்பது நிச்சயம். ப்ளூஸ்காரன் 12 கட்டங்களைத் தேர்ந்ததற்கும், இவன் 5 விநாடியைத் தேர்ந்ததற்கும் உள்ள தூரம் இதுதான்: அவனுக்கு அந்தச் சட்டகம் சொல்வதற்கு வழி, இவனுக்கு இது நிராகரிக்கப்படுவோம் என்ற பயம். பயத்திலிருந்து வரும் ஒற்றுமை உருவத்தின் ஒற்றுமை ஆகாது. நான் கடுமையான குற்றம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

7

இந்தக் குற்றத்தில் நம் பங்கு என்ன? இந்த ஏற்பாட்டுக்குத் தேவை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கத்தக்க சரக்கு. பெயர் இல்லாத சரக்கு. ஜேமர்ஸன் பெயரை உறையில் போடாததும், கோல்மனின் சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்காததும் அந்தத் தேவையின் காரியங்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று ரஸிகன் ஒருவன் உயரத்திலிருந்து சொல்லும்போது, கம்பெனி ஆரம்பித்த வேலையை அவன் முடித்துக்கொடுக்கிறான். கம்பெனியை எதிர்ப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் உடன்பட்டுவிட்டார்கள்: அங்கே குறிப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை.

இது இப்போது வெறும் தத்துவப் பேச்சாக இல்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாட்டும் குரலும் வாத்தியமும் சேர்த்துத் தந்துவிடும் யந்திரங்கள் வந்துவிட்டன. 2024 ஜூனில் அப்படிப்பட்ட இரண்டு கம்பெனிகளின்மீது பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன, தங்கள் பதிவுகளைத் தின்று வளர்ந்தவை என்று சொல்லி. அந்த வழக்கு சொத்தைப் பற்றியது. அதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்றுண்டு. கோல்மனின் டிரம்ஸை வெட்டி ஒட்டிய இளைஞனிடம் இருந்தது இங்கே இல்லை, பின்னால் யாரும் இல்லை என்பது. எல்லாம் ஒன்று என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தவனால் இந்த ஆட்சேபத்தைச் சொல்ல முடியாது. ஆள் இருக்கும் பாட்டுக்கும் இல்லாத பாட்டுக்கும் வித்தியாசம் கேட்கும் உரிமையை அவன் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டான்.

நம் பத்திரிகைகளின் பக்கங்களில் மொத்தத் தீர்ப்பு ஒரு பழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. பெரும்பத்திரிகைக் கதை, சினிமா, பட்டிமன்றம் என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுவோம். அவற்றில் பெரும்பகுதி தள்ளத்தக்கதுதான்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தள்ளவும் ஒன்றொன்றாகத்தான் தள்ள முடியும். விமர்சனம் என்பது தனித்தனிப் படைப்புகளைப் பற்றியது என்ற ஒரு நம்பிக்கையைத் தவிர நமக்கு வேறு மூலதனம் இல்லை. புதுக்கவிதையெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, யார் எழுதியது என்று பெயரை மறைத்தால் தெரியாது என்று பண்டிதர்கள் சொன்னபோது நாம் என்ன கேட்டோம்? எந்தக் கவிதையைப் படித்தீர்கள், எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை வேறொருவர் நம்மிடம் கேட்கலாம்: எந்தப் பாட்டு?

இதற்காக எல்லோரும் உட்கார்ந்து பாப் சங்கீதம் கேட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயுள் குறைவு, கேட்க வேண்டியது நிறைய. எனக்கு அதில் நாட்டமில்லை, நான் கேட்டதில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அதில் அவமானமும் இல்லை. கேட்டுவிட்டு, இந்தப் பாட்டு இந்த இடத்தில் பயத்தால் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லவும் உரிமை உண்டு, அதுதான் விமர்சனம். இந்த இரண்டுக்கும் நடுவில், கேளாமலும் கேட்காததைச் சொல்லாமலும் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வதற்கு மட்டும் இடமில்லை.

ஜேமர்ஸன் 1983-ல் இறந்தார். அவர் பெயரை நான் ஓர் இசைத்தட்டின் உறையிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பாட்டு இன்னொன்றைப் போலவே இருந்தும் ஏன் அது இல்லை என்று கேட்டவர்கள் சிலர், அடியில் ஒலித்த அந்த விரலின் பின்னாலேயே போய், அது யாருடையது என்று விசாரித்து எழுதிவைத்ததால் தெரிந்துகொண்டேன்.